கலாதான்யாசோர்ல எங்கள ஏத்திட்டுப் போன பெரியவருக்கு

போன செப்டம்பர்ல ஸ்பெயின் போனப்ப சோரியா மாகாணத்துல கலாதான்யாசோர்னு ஒரு குட்டி கிராமத்துக்குப் போனோம், மாகாணம் முழுக்கவே ஒரு லட்சம் பேர் கூட கிடையாது, கிராமத்துல எத்தன பேர் இருப்பாங்கன்னு பாத்துக்கோங்க. கல்லு பாவின தெரு, மரச்சட்டமும் மண்ணுமா வீடுங்க, கூரை மேல கூம்பா புகைபோக்கி, ஊர் உச்சில இடிஞ்ச கோட்டை. 1002ல கோர்டோபா முஸ்லிம் அரசோட தளபதி அல்மன்சோர் இங்கதான் தோத்து முரச தொலைச்சாருன்னு ஒரு கதை (வரலாற்று ஆளுங்க நம்புறதில்ல, எனக்குப் புடிச்சிருக்கு).

மத்தியான சாப்பாட்டுக்கு அப்புறம் ஊரே கதவ சாத்திருச்சு. வர்றேன்னு சொன்ன டாக்சி வரல, ஃபோனும் எடுக்கல, அம்மாவுக்கு வேற சுகர், பசில கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு. வாசல்ல உக்காந்திருந்த நீங்க எங்க முகத்த பாத்துட்டு ஒண்ணுமே கேக்காம உள்ள போயி ரொட்டியும் சோரியா வெண்ணெயும் எடுத்துட்டு வந்தீங்க, அத தடவக்கூட இல்ல, கட்டைவிரல் தடிமனுக்கு வெட்டி அப்படியே மேல வச்சீங்க ஐயா!

அப்புறம் உங்க பழைய வேன்ல நாய பின்னாடி தள்ளிட்டு சோரியா நகரம் வரைக்கும், முப்பது கிலோமீட்டர் பக்கம், கொண்டு விட்டீங்க, அதுவும் சுத்து வழில போயி பல நூறு வருஷத்து சபினா (ஜூனிப்பர் வகை) மரக்காட்ட காட்டிட்டு. பெட்ரோல் காசு குடுத்தா கோவமே வந்துருச்சு உங்களுக்கு.

பேர் கேக்க விடல, ஃபோட்டோவும் வேணாம்னுட்டீங்க. ரொம்ப நன்றி ஐயா. அந்தப் பக்கம் போறவங்க மட்டும் சொந்தமா கார் எடுத்துட்டுப் போங்கப்பா.