2005 ஜூனையும் எழுதுங்கள்

2024 செப்டம்பர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இலங்கையில் வரும் 2024 செப்டம்பர் 21ஆம் தேதி நடக்கப்போகிற ஜனாதிபதித் தேர்தலைப் பற்றிப் போன ஞாயிறு நம் பேப்பரில் அரைப்பக்கம் போட்டிருந்தீர்கள். அதில் வேட்பாளர் அநுர குமார திசாநாயக்கவுக்குக் கிடைத்தது ஒரு சின்னப் பத்தி. ஏழை வீட்டுப் பிள்ளை, இடதுசாரி, சீனா பக்கம் சாய்வார், கச்சத்தீவைத் தரமாட்டார், அவ்வளவுதான். ஜெயிக்க வாய்ப்பிருக்கிறது என்று நீங்களே எழுதுகிற ஆளைப் பற்றி இது போதாது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என்னை எழுத வைத்தது எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்த தம்பி. பெருமாள்புரம் முகாமில் இருக்கிறார், 1990இல் சின்னப் பையனாக மன்னாரில் இருந்து படகில் வந்தவர். தரையில் பெயின்ட் சிந்தாமல் இருக்கப் பழைய பேப்பர் விரித்திருந்தோம், அதில் இந்தப் பக்கமும் கிடந்தது. வேலை நடுவில் பார்த்தால் மனுஷன் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி குத்தவைத்து அதைப் படித்துக்கொண்டிருக்கிறார், சொட்டு விழுந்த இடத்தை விரலால் துடைத்துத் துடைத்துப் படிக்கிறார். முடித்துவிட்டு, "அண்ணே, இந்த ஆள் எப்படி? எங்கட காணிய விடுவினமோ?" என்று கேட்டார். காணி என்றால் நிலம், ராணுவம் பிடித்து வைத்திருக்கிறதைச் சொல்கிறார். அவருக்கு அங்கே ஓட்டு கிடையாது, இங்கேயும் கிடையாது. ஆனால் அந்தப் பக்கத்தில் இருந்து பதில் தேவைப்பட்ட ஆள் அவர்தான், அதில் பதில் இல்லை.

எனக்குத் தெரிந்ததை அவரிடம் சொன்னேன். அநுராதபுரம் மாவட்டம் தம்புத்தேகமவில் வளர்ந்தவர், 1968இல் பிறந்தவர். அப்பா நில அளவைத் துறையில் சிற்றூழியர். களனிப் பல்கலைக்கழகத்தில் அறிவியல் படித்தவர், மாணவர் அரசியல் வழியாக மக்கள் விடுதலை முன்னணி என்கிற ஜே.வி.பி. கட்சியில் மேலே வந்தவர், 2000இல் நாடாளுமன்றம் போனவர், 2014 முதல் கட்சித் தலைவர். 2019 ஜனாதிபதித் தேர்தலில் வாங்கியது 3 சதவீதம் சொச்சம்தான். 2022இல் பெட்ரோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற சனம் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவை ஓட வைத்த பிறகுதான், மாறி மாறி ஆண்ட குடும்பங்கள் மேல் வந்த வெறுப்பு இவர் பக்கம் திரும்பியிருக்கிறது.

இதெல்லாம் எந்தப் பேப்பரிலும் கிடைக்கும். நீங்கள் விட்டது 2005 ஜூன். மணக்குடிக்காரனான எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

2004 டிசம்பர் 26இல் கடல் ஏறி வந்து எங்கள் பாலத்தையே தூக்கி எறிந்தது. மேலமணக்குடிக்கும் கீழமணக்குடிக்கும் நடுவில் கான்கிரீட் பாலம், அதன் தளங்கள் ஆற்று முகத்தில் தாறுமாறாகக் கிடந்ததை நான் பார்த்தேன். குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் குழி தோண்டி ஒன்றாகப் புதைத்தார்கள். அன்று ராத்திரி எங்களுக்குச் சோறு கொண்டு வந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள் இல்லை, மேற்கே ரப்பர் தோட்டம் இருக்கிற ஊர்களில் இருந்து ஜீப்பில் வந்தவர்கள். பேர் கூடத் தெரியாது. ஒரு அக்கா வாழை இலையில் பொதிந்த சோற்றை என் கையில் வைத்துவிட்டு, பிள்ளைகள் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டார்.

அதே அலை இலங்கையில் முப்பதாயிரம் பேருக்கு மேல் கொண்டுபோனது. முல்லைத்தீவும் மட்டக்களப்பும் அம்பாறையும் நாசமாகக் கிடந்தன. அப்போது அநுர, ஜனாதிபதி சந்திரிகாவின் அரசில் விவசாய அமைச்சர். வடக்கிலும் கிழக்கிலும் புலிகள் கையில் இருந்த பகுதிகளுக்கும் நிவாரணம் போய்ச் சேர அரசும் புலிகளும் சேர்ந்து 'பொதுக் கட்டமைப்பு' ஒன்று வைப்பது என்று பேச்சு வந்ததும் ஜே.வி.பி. எதிர்த்து நின்றது. 2005 ஜூனில் 39 எம்.பி.க்களோடு அரசை விட்டு வெளியேறியது, அநுரவும் அமைச்சர் பதவியை விட்டார். அரசு எப்படியோ அதே மாதம் கையெழுத்துப் போட்டது, ஜே.வி.பி. உச்ச நீதிமன்றம் போனது, ஜூலையில் முக்கியமான பகுதிகளுக்கு இடைக்காலத் தடை வந்தது, அப்புறம் அந்தக் கட்டமைப்பு எழுந்திருக்கவே இல்லை. மறு வருஷம் வடக்கு, கிழக்கு மாகாணங்களை ஒன்றாக்கிய இணைப்பைச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதே கட்சி போட்ட வழக்கில்தான்.

புலிகள் கையில் பணம் போகக் கூடாது என்று அவர்கள் சொன்ன காரணம் எனக்குத் தெரியும், அதில் நியாயமே இல்லை என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் கூடாரத்தில் கிடந்த பிள்ளைக்குப் பால்மாவு வேறு எந்த வழியில் போகும் என்று அவர்கள் காட்டவில்லை. கடல் எடுத்த ஊரில் இருந்தவனுக்கு இது அரசியல் கணக்காகத் தெரியாது சார், பசியாகத்தான் தெரியும்.

எங்கள் மாவட்டத்தில் கீரிப்பாறைப் பக்கம் அரசு ரப்பர் கழகத் தோட்டங்களில் பால் வெட்டுகிறவர்களில் நிறையப் பேர் 1964 சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையில் இருந்து அனுப்பப்பட்ட மலையகத் தேயிலைத் தோட்டத் தமிழ்க் குடும்பங்கள். ஜே.வி.பி.யைத் தொடங்கிய ரோகண விஜேவீர தன் ஆட்களுக்கு எடுத்த ஐந்து வகுப்புகளில் ஒன்றின் பேரே 'இந்திய விஸ்தரிப்புவாதம்', அதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களையும் சேர்த்துப் பேசினார்கள். கொழுந்து கிள்ளிப் பிழைத்த ஏழைகளை இந்தியாவின் கையாட்கள் என்று ஒரு கட்சி பாடம் நடத்தியது என்றால் அதையும் வாசகர்களுக்குச் சொல்லத்தானே வேண்டும்?

சரி, மாறியிருக்கிறார்களா? மாறியிருக்கலாம், மனிதர்கள் மாறுவார்கள், நான் மனதாரச் சொல்கிறேன். எண்பதுகளின் கடைசியில் தன் கட்சி செய்த கொலைகளுக்கு 2014இல் பி.பி.சி. பேட்டியில் அநுர மன்னிப்புக் கேட்டார். அது சின்ன விஷயம் இல்லை, அங்கே வேறு எத்தனை தலைவர்கள் அப்படிக் கேட்டிருக்கிறார்கள்? இந்த 2024 பிப்ரவரியில் இந்திய அரசு அழைத்து டெல்லி வந்தார், குஜராத் போனார், திருவனந்தபுரமும் வந்தார். எங்களுக்கு அது பெரியாஸ்பத்திரி ஊர், பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம். அவ்வளவு பக்கத்தில் வந்தபோது இந்த 2005 கேள்வியை யாராவது அவரிடம் கேட்டார்களா?

அவருடைய கொள்கைகளையும் ஒழுங்காக எழுதுங்கள். 'வளமான நாடு – அழகான வாழ்க்கை' என்று தேர்தல் அறிக்கை விட்டிருக்கிறார். நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையை ஒழிப்பது, புது அரசியலமைப்பு, பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எடுப்பது, இழுத்தடித்துக் கிடக்கிற மாகாண சபைத் தேர்தலை ஒரு வருஷத்துக்குள் நடத்துவது என்கிறார். ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) கடனை வேண்டாம் என்று சொல்லவில்லை, நிபந்தனைகளைத் திரும்பப் பேசுவேன், சாப்பாட்டுச் சாமானுக்கும் மருந்துக்கும் வாட் வரியை எடுப்பேன் என்கிறார். மாகாண சபைகளுக்கு அதிகாரம் தருகிற 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தில் மட்டும் வார்த்தை வழுக்குகிறது. கிளிநொச்சிக்குப் போனவர், அதைத் தருகிறேன் எனக்கு ஓட்டுப் போடுங்கள் என்று பேரம் பேச வரவில்லை என்றார். நேர்மையான பேச்சுதான், ஆனால் தருவாரா மாட்டாரா என்பது அதில் இல்லை. அங்குள்ள தமிழர்களும் ஒரே பக்கம் இல்லை. தமிழரசுக் கட்சி இன்னொரு வேட்பாளர் சஜித் பிரேமதாச பக்கம், இன்னொரு கூட்டம் அரியநேத்திரனைப் பொது வேட்பாளராக நிறுத்தியிருக்கிறது. யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் இரண்டாம், மூன்றாம் விருப்பு வாக்கையும் எண்ண வேண்டும். 2024க்கு முன் அப்படி எண்ண நேர்ந்ததே இல்லை, இந்த முறை நேரலாம்.

கடல் விஷயத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கச்சத்தீவைத் தருவாரா என்று மட்டும் ஏன் எல்லோரையும் கேட்கிறீர்கள்? 2017இலேயே இலங்கையில் கடலடியை வாரி இழுக்கிற வலையான இழுவைமடிக்குச் சட்டப்படி தடை வந்துவிட்டது, யார் ஜெயித்தாலும் அதை எடுக்க மாட்டார்கள். இதைப் புரிந்துகொள்ள நாங்கள் யாழ்ப்பாணம் போக வேண்டாம். இழுவைப் படகு ஓடிய இடத்தில் விட்டிருந்த வலை அறுந்து கயிறு மட்டும் கையில் வந்த வள்ளத்துக்காரர்கள் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறார்கள், அதனால்தான் சின்னமுட்டத்தில் விசைப்படகு காலையில் போய் ராத்திரிக்குள் கரைக்கு வர வேண்டும் என்று கட்டுப்பாடு. அங்கே வலை அறுபடுகிறவனும் தமிழன், நம்மைப் போல வட்டிக்கு வாங்கி வலை போட்டவன். சிறையில் கிடக்கிற ராமேஸ்வரத்துப் பையன்களுக்காக எழுதுங்கள், கட்டாயம் எழுதுங்கள், அந்தப் பக்கம் இருக்கிறவனையும் சேர்த்து எழுதுங்கள்.

என் வேண்டுகோள் இதுதான். ஒரு முழுப்பக்கம் ஒதுக்கி, இவர் எங்கிருந்து வந்தார், 2005இல் என்ன செய்தார், இன்று என்ன சொல்கிறார், காணிகளைப் பற்றி அறிக்கையில் எழுதியிருப்பது என்ன, முகாமில் இருப்பவர்கள் திரும்பிப் போனால் அவர்களுக்கு என்ன வைத்திருக்கிறார் என்று போடுங்கள். கொழும்பில் உங்களுக்குச் செய்தியாளர் இருக்கிறார், அவரை விட்டு நேராகவே கேட்கச் சொல்லுங்கள். மற்ற வேட்பாளர்களான சஜித்துக்கும் ரணில் விக்கிரமசிங்கவுக்கும் இதே அளவு இடம் கொடுங்கள்.

21ஆம் தேதிக்கு முன்னால் வந்தால் நல்லது. அந்தத் தம்பிக்கு இன்னும் இரண்டு அறை பெயின்ட் வேலை பாக்கி இருக்கிறது, பேப்பர் வந்ததும் எடுத்து வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
மணக்குடி, கன்னியாகுமரி மாவட்டம்.