புதுச்சேரிச் சித்திரக்கதை வாசகர்கள்: 2024–2025 செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, ஆண்டுப் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் வட்டத்தில் நடந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன். மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு மாலை, முத்தியால்பேட்டையில் தலைவர் இல்லத்து மொட்டை மாடியில் கூடும் வழக்கம் இவ்வாண்டும் தொடர்ந்தது. டிசம்பர் கூட்டம் மட்டும் வேறு வகையில் நடந்தது. அதன் காரணத்தை உரிய இடத்தில் சொல்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இவ்வாண்டு முழுவதும் நாம் எடுத்துக்கொண்ட பொருள் ஒன்றே: சூப்பர் ஹீரோ கதையின் தரத்தை எதைக்கொண்டு அளப்பது. "பிடித்தது", "பிடிக்கவில்லை" என்னும் இரண்டு சொற்களைத் தாண்டி நம் பேச்சு நகர்வதில்லை என்று சென்ற பொதுக்குழுவில் இளம் உறுப்பினர் ஒருவர் குறைபட்டுக்கொண்டார். அந்தக் குறை நியாயமானது என்பதால், ஏப்ரல் கூட்டத்தில் ஒரு நெறியை ஏற்றுக்கொண்டோம். ஒரு கதையைப் புகழ்பவரும் பழிப்பவரும் இதழைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்தையும் அதிலுள்ள ஓவியக் கட்டத்தையும் காட்டித்தான் பேச வேண்டும். இந்த ஒரு நெறி நம் கூட்டங்களின் போக்கையே மாற்றிவிட்டது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

மே மாதக் கூட்டம், பிரிட்டிஷ் தொடரொன்றிலிருந்து தமிழுக்கு வந்த நாயகரான இரும்புக்கை மாயாவியில் தொடங்கியது. 1972இல் முத்து காமிக்ஸ் என்னும் தமிழ்ச் சித்திரக்கதை இதழ் அவரோடுதான் பிறந்தது என்பதால், நம்மில் மூத்தவர்களுக்கு அவரைக் குறை சொல்வது வீட்டுப் பெரியவரைக் குறை சொல்வது போன்றது. ஆயினும் கல்லூரி மாணவியான உறுப்பினர் ஒருவர் தயங்காமல் எழுந்து, மாயாவி எந்த நாட்டில் மாட்டிக்கொண்டாலும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மின்கம்பி இருந்துவிடுகிறதே என்று கேட்டு, மூன்று இதழ்களில் அந்தக் கட்டங்களை எடுத்துக் காட்டினார். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், இரும்புக் கை மட்டும் மறையாது, சற்று நேரத்தில் உருவம் திரும்பிவிடும் என்பதுதான் அந்தக் கதையுலகின் விதி. மறையாத அந்தக் கையே அவரைக் காட்டிக்கொடுக்கும் கதைகள் விறுவிறுப்பாக இருக்கின்றன. மின்சாரம் கேட்டதும் கிடைத்துவிடும் கதைகள் தொய்ந்துவிடுகின்றன. மூலத் தொடரின் தொடக்கக் கதையில் அவர் குற்றவாளியாகவே வருகிறார் என்பதையும் அன்று நினைவுகூர்ந்தோம். வல்லமை வந்ததும் மனிதன் தடம் புரள்வான் என்று துணிந்து சொன்ன அந்தக் கதைக்குப் பின்வந்த பல கதைகள் ஈடாகவில்லை என்பது என் கருத்து.

ஜூலையில், லயன் காமிக்ஸ் தொடங்கி நாற்பது ஆண்டுகள் நிறைவதை ஒட்டி, கூர்மண்டையர் என்று நாம் அழைக்கும் பிரிட்டிஷ் நாயகர் ஸ்பைடரைப் பற்றிப் பேசினோம் (ஸ்பைடர்மேன் வேறு). பக்கத்துக்குப் பக்கம் ஆபத்து, பக்கத்துக்குப் பக்கம் தப்பித்தல், மூச்சு விட இடமில்லை என்பது அவர் கதைகள்மீது எப்போதும் சொல்லப்படும் குறை. அச்சகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினர் இதற்குத் தந்த விளக்கம் இவ்வாண்டின் மிகப் பயனுள்ள பேச்சு என்று கருதுகிறேன். பிரிட்டனில் 1965இல் தொடங்கிய அந்தத் தொடர் வார இதழில் வாரம் இரண்டு பக்கமாக வெளிவந்தது. அடுத்த வாரமும் சிறுவன் காசு கொடுத்து வாங்க வேண்டுமானால், இரண்டாம் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் கதாநாயகன் அந்தரத்தில் தொங்கியாக வேண்டும். பல வாரங்கள் காத்திருந்து படிக்க எழுதப்பட்டதை, நாமோ ஒரே இதழாக, ஒரு பிற்பகலில் படித்து முடித்தோம். சிறிய அளவிலான நம் பழைய இதழ்களில் கட்டங்கள் வேறு வகையில் அடுக்கப்பட்டிருந்ததால் அந்த வாராந்தரத் தையல் நம் கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் பென்சிலால் ஒவ்வொரு வாரத்தின் முடிவையும் குறித்துக் காட்டியபோது, இதுவரை திணறலாகத் தோன்றிய கதை, அளந்து அடித்த தாளமாகத் தெரிந்தது. 1938இல் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல்தான் ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதினார் என்பதைப் புதிய உறுப்பினர்கள் பலர் அன்றுதான் அறிந்தனர்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நம் பெரியவர் ஒருவர், பெரும்பாலும் 46 பக்கத்துக்குள் ஒரு சாகசத்தை முடித்துவிடும் பிரெஞ்சு ஆல்பங்களோடு இதை ஒப்பிட்டார். வெளியீட்டு முறையே கதையின் நடையைத் தீர்மானிக்கிறது என்பதில் அன்று யாருக்கும் மறுப்பில்லை.

ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை அமெரிக்கத் தொடர்களுக்கு ஒதுக்கினோம். ஆகஸ்டில் ஸ்பைடர்மேன் தொடரின் 121ஆம் இதழ். 1973இல் வெளிவந்த அவ்விதழில், வில்லன் பாலத்தின் உச்சியிலிருந்து தள்ளிவிடும் தன் காதலி க்வென் ஸ்டேசியை ஸ்பைடர்மேன் வலைநூல் வீசிப் பிடிக்கிறான். ஆனால் அவள் உயிரோடு இல்லை. அவள் கழுத்தருகே மிகச் சிறிய எழுத்தில் "ஸ்னாப்" என்று ஓர் ஒலிச்சொல் அச்சாகியிருக்கிறது. விழுந்த அதிர்ச்சியில் இறந்தாள் என்கிறான் வில்லன். சடாரென நின்ற விசையில் கழுத்து முறிந்தது என்கிறது அந்த ஒலிச்சொல். அதாவது காப்பாற்ற நீட்டிய கையே கொன்றிருக்கலாம். அந்த ஒரு கட்டத்தின் மீது மட்டும் இரண்டு மணி நேரம் பேசினோம் என்பதைப் பெருமையோடு பதிவு செய்கிறேன். உரத்துச் சொல்ல வேண்டியதைச் சிறு எழுத்தில் வைத்துவிட்டுக் கதையாசிரியர் ஒதுங்கிக்கொண்டது கோழைத்தனம் என்றார் ஒருவர். அந்த அடக்கமே அதன் தரம் என்றார் மற்றொருவர். நான் இரண்டாமவர் பக்கம்.

செப்டம்பரில் பேட்மேனின் துணைவனான இரண்டாம் ராபின், ஜேசன் டாட். 1988இல் அவன் பிழைப்பதா சாவதா என்று தொலைபேசி வழியே வாசகர்களிடமே வாக்குக் கேட்டார்கள். சாகட்டும் என்றவை 5,343. பிழைக்கட்டும் என்றவை 5,271. எழுபத்திரண்டு வாக்கு வித்தியாசத்தில் ஒரு சிறுவனின் கதை முடிந்தது. நம் வட்டத்தில் எல்லா முடிவுகளையும் கை தூக்கி எடுப்பவர்கள் நாம். ஆனாலும் கதையின் முடிவைக் கை தூக்கி எடுக்கக் கூடாது என்பதில் அன்று ஏறத்தாழ அனைவரும் ஒன்றுபட்டோம். மரணம் கதைக்குள்ளிருந்து எழ வேண்டும். வெளியிலிருந்து திணித்ததாலோ என்னவோ, 2005இல் அவனை உயிரோடு திரும்பக் கொண்டுவருவதும் அவர்களுக்குக் கடினமாக இருக்கவில்லை. 1992இல் பெரும் ஆரவாரத்தோடு சாகடிக்கப்பட்ட சூப்பர்மேன் மறு ஆண்டே எழுந்து வந்ததையும் இதோடு சேர்த்துப் பேசினோம்.

அக்டோபர் கூட்டத்தைப் பற்றி எழுத எனக்கு வருத்தமாக இருக்கிறது. 1987இல் மணமுடித்த பீட்டர் பார்க்கரும் (ஸ்பைடர்மேனின் இயற்பெயர் அது) மேரி ஜேனும், சாகக் கிடக்கும் அத்தையைக் காப்பாற்றுவதற்காக, தங்கள் மணவாழ்வையே சாத்தானை ஒத்த ஒருவனுக்கு விலையாகக் கொடுத்துவிடும் 2007ஆம் ஆண்டுக் கதை அன்றைய பொருள். தாயாக இருந்து வளர்த்தவளுக்காக எதையும் கொடுக்கலாம், நம் வீடுகளில் யாரும் அதைத் தவறென்று சொல்ல மாட்டார்கள் என்று ஓர் உறுப்பினர் வாதிட்டார். மறுத்தவர்கள் குரலை உயர்த்தினார்கள். அவர் தம் இதழ்களை எடுத்துக்கொண்டு பாதியில் கிளம்பிவிட்டார். கூட்டத்தை நடத்திய நான் அவரை முழுதாகப் பேசவிட்டிருக்க வேண்டும். அவர் வாதத்தில் உண்மை இருக்கிறது. கொடுக்க முன்வந்ததில் பிழையே இல்லை. ஆனால் கொடுத்தவர்களுக்கே கொடுத்தது நினைவில்லாமல் போகிறது. இருபது ஆண்டுகள் வாசகன் கூடவே வாழ்ந்த ஒரு குடும்பம், இல்லாதது போலத் துடைக்கப்படுகிறது. இழந்தவருக்கு வலிக்காத இழப்பை வைத்து அடுத்த கதையை எப்படிக் கட்டுவது? க்வென் ஸ்டேசியின் மரணம் இன்றும் கனப்பதற்குக் காரணம், அதன்பின் பீட்டர் ஒவ்வொரு பாலத்தையும் அந்த நினைவோடுதான் கடக்கிறான் என்பதே.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் பெய்த மழையில், தாழ்வான நகர்ப் பகுதியொன்றில் வசிக்கும் நம் உறுப்பினரின் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, அவர் முப்பது ஆண்டுகளாகச் சேர்த்த இதழ்களில் பெரும்பகுதி நனைந்தது. டிசம்பர் கூட்டம் அவர் வீட்டு மாடியில், அவற்றை உலர்த்தும் பணியாகவே நடந்தது. வெயிலில் போட்டால் தாள் பழுத்துவிடும் என்பதால், பக்கங்களுக்கிடையே வெள்ளைத் தாள் வைத்து மின்விசிறிக் காற்றில் உலர்த்தினோம். துருப்பிடிக்கத் தொடங்கிய பின்களைக் கழற்றினோம். பழைய சாணித்தாள் இதழ்கள் பொறுமையாகப் பிரித்தால் பிரிந்தன. வழவழப்பான தாளில் வண்ணத்தில் வந்த புதிய இதழ்களோ ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. அவற்றில் பலவற்றை மீட்க முடியவில்லை.

அந்த வீட்டுக்காரர் சொன்ன ஒன்றைக் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறேன். தண்ணீர் வாசற்படி ஏறியபோது அவர் முதலில் பரணில் தூக்கிவைத்தது இயந்திர மனிதனான சட்டித்தலையன் ஆர்ச்சியின் இதழ்க்கட்டு. ஜூன் கூட்டத்தில் அதே ஆர்ச்சி கதைகளை, பாத்திரங்களுக்கு வளர்ச்சியே இல்லை என்று பக்கம் காட்டிக் கடுமையாக மறுத்தவரும் அவரே. "மதிப்பெண் போடச் சொன்னால் இப்போதும் அதே மதிப்பெண்தான் போடுவேன், ஆனால் எட்டு வயதில் அப்பா வாங்கிக் கொடுத்தது இது" என்றார். தரம் வேறு, பற்று வேறு. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்ததால்தான் இத்தனை ஆண்டுகள் வீணாகச் சண்டையிட்டோம் என்று எனக்கு அன்று தோன்றியது. ஜனவரி முதல் கூட்டக் குறிப்பேட்டில் இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி போட்டிருக்கிறேன்.

ஜனவரியில் வேதாளர், ஆங்கிலத்தில் ஃபேண்டம். 1936இல் லீ ஃபாக் படைத்த அவரை ராணி காமிக்ஸ் வாசகர்கள் மாயாவி என்றே அறிவார்கள் என்பதால், எந்த மாயாவி என்று கேட்டுத் தெளிந்த பிறகே விவாதம் தொடங்கியது. தந்தை இறப்பார், மகன் அதே முகமூடியை அணிவான், உலகம் அவரைச் சாவற்றவர் என்று நம்பும் என்று முதலிலேயே வகுத்துவிட்டதால், செத்தவரை எழுப்பும் தேவையே அந்தத் தொடருக்கு இல்லை. பிப்ரவரி, மார்ச் கூட்டங்கள் மொழிபெயர்ப்பு, மறுபதிப்பு குறித்த சிறு கலந்துரையாடல்களாக அமைந்தன.

ஒரு மனக்குறையையும் பதிவு செய்ய வேண்டும். பிப்ரவரியில் பழைய இதழ்களின் ஒருநாள் கண்காட்சிக்கு ஓர் அரங்கம் கேட்டிருந்தோம். முதலில் இசைந்தவர்கள், பொருள் என்னவென்று அறிந்ததும், பொம்மைப் புத்தகத்துக்கு அரங்கம் தர இயலாது என்று சொல்லிவிட்டார்கள். ஆகஸ்டில் ஒரே கட்டத்தின் முன் நாம் இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்ததை அவர்கள் வந்து பார்த்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கண்காட்சியை மொட்டை மாடியிலேயே நடத்தினோம். இடமளித்த தலைவர் குடும்பத்தாருக்கும், வந்த அனைவருக்கும் சுண்டலும் தேநீரும் தந்த மகளிர் உறுப்பினர்களுக்கும் நன்றி.

புதிய ஆண்டின் முதல் கூட்டம் ஏப்ரல் 13, ஞாயிறு. 1980இல் வெளிவந்த எக்ஸ்-மென் 137ஆம் இதழை எடுத்துக்கொள்கிறோம். எக்ஸ்-மென் குழுவின் நாயகியான ஜீன் கிரே வல்லமையை இழந்து உயிரோடிருக்க வேண்டும் என்று கதையாசிரியரும் ஓவியரும் முடித்துவைத்திருந்ததை, ஓர் உலகையே அழித்தவள் அதற்குரிய விலையைத் தந்தாக வேண்டும் என்று தலைமை ஆசிரியர் மாற்றச் சொன்ன இதழ் அது. மாற்றம் கதையை உயர்த்தியதா என்பது விவாதப் பொருள். அக்டோபரில் பாதியில் கிளம்பிய நம் உறுப்பினரை நேரில் சென்று அழைத்தேன். தொடக்கவுரை ஆற்ற இசைந்திருக்கிறார். மறுநாள் சித்திரைப் பிறப்பு என்பதால், கூட்டம் நான்கு மணிக்கே தொடங்கும். இதழ் இல்லாதவர்கள் என்னிடம் முன்கூட்டியே சொன்னால், படித்துத் திருப்பித் தரும்படி ஏற்பாடு செய்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்