ஞாயிறு இசைச் சந்திப்பு: பழைய மாணவர்களுக்கு

வணக்கம். போர் பார்த்த பிள்ளைகளுக்கு இசை எப்படி உதவும் என்று பேசவும் பழகவும், வரும் ஞாயிறு மாலை 4 மணிக்குப் பாடசாலை மண்டபத்தில் கூடுகிறோம்.

1. மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவுக்குச் சின்ன வயதில் போனவர்கள் கட்டாயம் வாங்கோ. தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே ஒன்றாகப் பாடினார்கள், களிமண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள்.

2. வீட்டில் சும்மா கிடக்கும் கஞ்சிரா, புல்லாங்குழல் இருந்தால் கொண்டு வரவும். திடீரென அதிரும் வாத்தியம் வேண்டாம். சிலருக்கு அது வெடிச்சத்தம்தான்.

3. யாரையும் பழைய கதை கேட்டு வற்புறுத்தாதீர்கள். பேசாத பிள்ளையும் எல்லோரோடும் சேர்ந்து தாளம் தட்டும், அது போதும்.

4. வெள்ளி இரவுக்குள் பெயர் எழுதிப் பதில் போடவும். கட்டைவிரல் படம் கணக்கில் வராது; போன முறை தேநீர் போதவில்லை!