வெள்ளிக்கிழமை ஓப்பனிங்தான் அளவுகோல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த நட்சத்திர நடிகர்கள் பற்றிய கட்டுரை, இன்ஸ்டாகிராமில் பின்தொடர்பவர்கள், டீசர் பார்வைகள், ஓ.டி.டி. விலை மூன்றையும் வைத்து வரிசை போட்டிருக்கிறது. இதில் எதுவும் தியேட்டர் கவுன்டரில் டிக்கெட்டாக மாறும் என்பதற்கு உத்தரவாதமில்லை. விநியோக வட்டாரத்தில் கேட்பது ஒரே கேள்விதான்: படம் எப்படி என்று யாருக்கும் தெரியாத முதல் மூன்று நாளில், இந்த நடிகரின் பெயருக்கு எத்தனை சீட் நிரம்பும்? அதுதான் ஓப்பனிங். அதற்குப் பிறகு வரும் கூட்டம் படத்துக்கு வருவது.

ஓப்பனிங் வேறு, ஓடுவது வேறு. 1980இல் புதுமுகங்களை வைத்து வந்த 'ஒரு தலை ராகம்' மெதுவாகத் தொடங்கி மாதக்கணக்கில் ஓடியது. அதனால் அதில் நடித்தவர்கள் எல்லாரும் நட்சத்திரமாகிவிடவில்லை. விக்ரம் 1990இலேயே கதாநாயகன். 'சேது' வாங்க ஆளில்லாமல் கிடந்து, 1999 டிசம்பரில் வெளியாகி, பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லிக் கூட்டம் ஏறிய படம். அந்தப் படம் அவருக்குத் தந்தது நல்ல நடிகர் என்ற பெயர். விக்ரம் படம் என்றாலே முதல் காட்சிக்குக் கூட்டம் வந்தது 'ஜெமினி' (2002), 'சாமி' (2003) காலத்தில். ஒரு வெற்றி நடிகரைத் தெரியப்படுத்தும். அடுத்தடுத்த படங்களிலும் இவரிடம் இன்னது கிடைக்கும் என்று ரசிகருக்கு நிச்சயமானால்தான் ஓப்பனிங் கட்டும். எம்.ஜி.ஆர். திரையில் குடிப்பதில்லை, புகைப்பதில்லை என்று வைத்திருந்த வரம்பை இப்படித்தான் பார்க்க வேண்டும். 1936இல் சிறு வேடத்தில் அறிமுகமாகி 1947இல்தான் நாயகனானவர் அவர். கிடைத்ததைக் கலைத்துக்கொள்ளக் கூடாது என்று நன்றாகவே அறிந்திருந்தார். முதல் படத்திலேயே உச்சிக்குப் போன சிவாஜி (1952) விதிவிலக்கு.

கணக்கைப் பார்ப்போம். ஒரு சின்ன ஊர், 500 சீட் தியேட்டர், நாளைக்கு 4 காட்சி. வரி போக டிக்கெட்டுக்கு 100 ரூபாய் நிற்கிறது, விநியோகஸ்தர் பங்கு 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் படத்தைத் தியேட்டர்காரர் 6 லட்சம் எம்.ஜி. கொடுத்து எடுக்கிறார். எம்.ஜி., அதாவது மினிமம் கேரண்டி என்றால், வசூல் குறைந்தாலும் கொடுத்த பணம் திரும்பாது. விநியோகஸ்தர் பங்கிலிருந்து அந்த 6 லட்சம் தேற 10,000 டிக்கெட் விற்க வேண்டும். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் ஹவுஸ்ஃபுல் என்றால் 6,000 போய்விடும். மீதி 4,000ஐத் திங்கள் முதல் நாளுக்கு 500 என்று விற்றால் 8 நாள். தாக்குப்பிடிக்கலாம். ஓப்பனிங் பாதியாகிவிட்டால் 7,000 டிக்கெட் பாக்கி, 14 நாள். அதற்குள் இரண்டு வெள்ளிக்கிழமை வந்து, வேறு படம் திரையைப் பிடித்திருக்கும்.

ஃபிலிம் பிரிண்ட் காலத்தில் இவ்வளவு அவசரம் இல்லை. பெரிய ஊரில் ஓடி முடிந்த பிரிண்ட் மெல்ல டூரிங் டாக்கீஸ் வரை போகும். படத்தை நூறாவது நாள் போஸ்டரை வைத்து எடைபோட்டார்கள். க்யூப் என்ற டிஜிட்டல் திரையிடல் வந்தபின் மாநிலம் முழுக்க ஒரே நாளில் ரிலீஸ். வசூல் இரண்டு வாரத்துக்குள் சுருங்கியதால் ஓப்பனிங்குக்குத்தான் முழு விலையும்.

படம் பார்க்காமல் எம்.ஜி. கொடுக்க ஆள் இருக்கும்வரை அவர் நட்சத்திரம். இறக்கமும் முதலில் ஒப்பந்தத்தில்தான் தெரியும். எம்.ஜி. கேட்ட இடத்தில் தியேட்டர்காரர்கள் 'அட்வான்ஸ் தருகிறோம், வசூலாகாததைத் திருப்பிவிடுங்கள்' என்பார்கள். பிறகு அதுவும் போய், கமிஷன் அடிப்படையில் படத்தைப் போடச் சொல்வார்கள். போஸ்டரில் முகம் அப்போதும் அதே அளவில்தான் இருக்கும். பெரும்பாலும் கோளாறு சம்பளத்தில் தொடங்குகிறது. ஒரு ஹிட் வந்ததும் சம்பளம் ஏறுகிறது, அதை ஈடுகட்ட விநியோகஸ்தர் தர வேண்டிய ஏரியா விலை ஏறுகிறது, தியேட்டர் எம்.ஜி.யும் ஏறுகிறது, ஓப்பனிங் மட்டும் பழைய அளவிலேயே நிற்கிறது.

பெரிய பெயருக்கும் இது நேரும். 'பாபா' (2002) வாங்கியவர்கள் கொடுத்த விலைக்கு வசூல் வரவில்லை. ரஜினிகாந்த் நஷ்டத்தை ஈடுகட்டினார். எம்.ஜி. விதிப்படி அது கட்டாயமில்லை. ஆனால் அடுத்த படத்துக்குத் தியேட்டர்காரர் மறுபடி நம்பிப் பணம் கட்ட வேண்டுமே! அடுத்து நாயகனாக நடித்து 2005இல் வந்த 'சந்திரமுகி' சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாளைத் தாண்டியது. அவருடைய 'சூப்பர் ஸ்டார்' பட்டம்கூட விநியோகஸ்தர் வைத்ததுதான்: 1978இல் 'பைரவி'யைச் சென்னை ஏரியாவுக்கு வாங்கிய எஸ். தாணு விளம்பரத்தில் போட்டது.

ரசிகர் மன்றமே ஓப்பனிங்கை உண்டாக்குகிறது என்ற கட்டுரையாளரின் வாதமும் நிற்காது. அஜித் 2011 ஏப்ரலில் மன்றங்களைக் கலைத்தார். ஆகஸ்ட் கடைசியில் வந்த 'மங்காத்தா'வுக்குக் கூட்டம் குறையவில்லை. மன்றம் பேனர் கட்டும், முதல் காட்சி டிக்கெட்டை மொத்தமாக எடுக்கும். சனிக்கிழமை மாலைக் காட்சிக்குக் குடும்பத்தோடு வருபவர்களை அதனால் கூட்டி வர முடியாது. தினசரி வசூல் அறிக்கையான டி.சி.ஆரில் முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சனி மாலைதான். பொங்கல், தீபாவளி ரிலீஸ் என்றால் அதிலும் ஒரு பங்கைப் பண்டிகைக்குக் கழிக்க வேண்டும்.

இன்னொரு வேண்டுகோள். நீங்கள் வெளியிடும் வசூல் எண் மொத்த வசூலா, வரி போக நிற்பதா, விநியோகஸ்தர் ஷேரா என்று எங்கும் இல்லை. மொத்த வசூலுக்கும் ஷேருக்கும் இடையே பாதிக்கு மேல்கூட வித்தியாசம் வரலாம். அடுத்த வரிசையில் அதைக் குறிப்பிடுங்கள். பக்கத்திலேயே படம் எம்.ஜி.யில் போனதா, அட்வான்ஸிலா, கமிஷனிலா என்றும் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி