கயலுக்கு, அந்த எக்செல் பற்றி

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய எக்செல்லைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துப் பெரிய எழுத்தில் அச்செடுத்து வாங்கினேன். பாப்பாவை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று மூன்று பள்ளிக்கூடம், பதினான்கு கட்டம், பச்சை, மஞ்சள், சிவப்பு. மாப்பிள்ளை இதற்காக இரண்டு சனி ஞாயிறாவது உட்கார்ந்திருப்பார். போனில் சொன்னால் நீ நடுவில் பேசிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

மூன்றாவது பள்ளியை விட்டுவிடு. நீயே அதை ஒப்புக்குத்தான் சேர்த்திருக்கிறாய். பேச்செல்லாம் டெக்சாஸ் மாநிலம் போடுகிற தர எழுத்தில் ஏ வாங்கின பள்ளிக்கும், இப்போது இருக்கிற அபார்ட்மெண்டுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி இருக்கிற பி வாங்கின பள்ளிக்கும் நடுவில்தான். இரண்டும் ஒரே பிளேனோ ஐ.எஸ்.டி., அதாவது ஒரே பள்ளி ஜில்லா, இரண்டிலிருந்தும் ஆறாம் வகுப்புக்கு ஒரே மிடில் ஸ்கூல். ஆனால் ஏ பள்ளியின் எல்லைக்குள் வீடு வாங்க ஒரு லட்சம் டாலருக்கு மேல் கூடுதல், முப்பது வருஷக் கடன், அப்புறம் அந்த ஊர் சொத்து வரி வேறு. ஆறு வருஷப் படிப்புக்கு முப்பது வருஷத் தவணை. இது சரிதானா என்பதுதான் உன் கேள்வி.

அந்த ஏ, பி எங்கிருந்து வருகிறது என்று போன வருஷம் அங்கே இருந்தபோது மாப்பிள்ளையைத் துளைத்துத் தெரிந்துகொண்டேன். கிண்டர் முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள எலிமென்டரிக்குப் பெரும்பாலும் மாநிலம் நடத்துகிற ஸ்டார் தேர்வுதான். அந்தத் தேர்வு மூன்றாம் வகுப்பில்தான் ஆரம்பிக்கிறது. அதாவது மூன்று, நான்கு, ஐந்து படிக்கிற பிள்ளைகள் எழுதினதை வைத்துத்தான் எழுத்து போடுகிறார்கள். பாப்பா உட்காரப்போகிற கிண்டர், ஒன்று, இரண்டு பற்றி அந்தத் தேர்வில் ஒரு சொல் கிடையாது. பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகுவதே அந்த மூன்று வருஷத்தில்தான் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. தேர்வு எழுதுகிறவர்களும் எத்தனை பேர்? எல்லாப் பிரிவும் சேர்த்து மூன்றாம் வகுப்பில் எண்பது பேர் என்று வைத்துக்கொள், ஒரு பிள்ளைக்கு அன்றைக்குக் காய்ச்சல் என்றால் ஒன்றேகால் சதவீதம் போச்சு.

இன்னொன்று. மாநிலம் அந்த எழுத்தை இரண்டு வழியாகப் பார்க்கிறது. பிள்ளைகள் எவ்வளவு மதிப்பெண் வாங்கினார்கள் என்பது ஒன்று, போன வருஷத்திலிருந்து இந்த வருஷத்துக்கு எவ்வளவு முன்னேறினார்கள் என்பது இன்னொன்று. இரண்டில் எது அதிகமோ அதற்கு 70 சதவீதம். மீதி 30, பின்தங்கிய பிள்ளைகளையும் சேர்த்துத் தூக்குகிறார்களா என்பதற்கு. அதனால் ஏ வாங்கின இரண்டு பள்ளி ஒன்றுபோல இருக்கவேண்டும் என்று இல்லை. முன்னேற்றத்திலேயே ஒரு பகுதி, தன்னைப்போலவே ஏழைப் பிள்ளைகள் இருக்கிற மற்றப் பள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. உன் எக்செல்லில் முன்னேற்றத்துக்குக் கட்டமே இல்லை. நான் தேடிப் பார்க்கச் சொன்னேன், மாப்பிள்ளை பார்த்து அனுப்பினார். மொத்தத்தில் பி வாங்கின பின்தெருப் பள்ளிக்கு முன்னேற்றத்தில் ஏ. மொத்தத்தில் ஏ வாங்கின அந்தப் பெரிய பள்ளிக்கு பி. இதை அவர் உன்னிடம் சொன்னாரா?

1997 ஜூன் ஞாபகம் இருக்கிறதா உனக்கு? நம்ம ஊருக்கு முதல்முதலாக மெட்ரிகுலேஷன் பள்ளி வேன் வந்த வருஷம். நான் பாடம் நடத்தின மூன்றாம் வகுப்பில் இருபத்தாறு பேர் இருந்தார்கள், ஒரே வாரத்தில் பதினொரு பேர் டி.சி. வாங்கிக்கொண்டு போனார்கள். கடைத்தெருப் பிள்ளைகள், கூட்டுறவு வங்கிக் குமாஸ்தா பிள்ளைகள், வீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இருந்த பிள்ளைகள். மிஞ்சினது நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற வீட்டுப் பிள்ளைகள். அடுத்த வருஷம் ஆய்வுக்கு வந்த அதிகாரி நோட்டுகளைப் புரட்டிவிட்டு, என்ன சார், தரம் இறங்கிப்போச்சே என்றார். அதே நான், அதே கரும்பலகை, அதே வாய்ப்பாடு. சொல்லப்போனால் அந்த வருஷம்தான் நான் அதிகம் உழைத்தேன். அந்தப் பதினைந்து பேரில் தன் பெயர் எழுதத் தெரியாமல் வந்தவர்கள் மார்ச்சில் பாடம் வாசித்தார்கள். அதைக் குறித்துக்கொள்ள அவர் கையில் இருந்த படிவத்தில் இடம் இல்லை.

நீயும் வேனில் போகவேண்டும் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாய். நான் அனுப்பவில்லை, வாத்தியார் பெண் வாத்தியார் பள்ளியில்தான் படிக்கவேண்டும் என்று பிடிவாதம். அது சரிதானா என்று எனக்கு இன்றும் முழுசாகத் தெரியாது. காலேஜில் முதல் வருஷம் இங்கிலீஷுக்கு நீ அழுத அழுகை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதனால் பள்ளியைத் தேடுகிற உன் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் பின்தெருப் பள்ளியில் அந்தக் குறையும் இல்லையே, அங்கேயும் அதே ஜில்லாவின் பாடத்திட்டம், அதே சம்பளத்தில் வாத்தியார்கள்.

அங்கே இருந்த ஆறு மாசத்தில் தினமும் சாயந்திரம் நடக்கப்போவேனே, இரண்டு பள்ளி வாசலிலும் நின்று பார்த்திருக்கிறேன். உள்ளே விடமாட்டார்கள், அடையாள அட்டை கேட்பார்கள், நல்லதுதான். பெரிய பள்ளியில் கார் வரிசை மெயின் ரோடு வரை நிற்கும். குழந்தை வெளியே வரும், கார்க் கதவு திறக்கும், மூடும். எதிர் வரிசைக் கடைகளில் நான் எண்ணினது நான்கு ட்யூஷன் சென்டர், இரண்டு கணக்குக்கு. பாதிக் கார் அங்கே போய்த்தான் நிற்கிறது. அப்படியானால் அந்த ஸ்டார் மதிப்பெண்ணில் பள்ளிக்கூடத்துப் பங்கு எவ்வளவு, ட்யூஷன் பங்கு எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்வது? பின்தெருப் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் நடந்து போகிறார்கள். ரோடு தாண்டிவிடுகிற அந்தத் தாத்தா ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஒரு டீச்சர் வாசல்படியில் உட்கார்ந்து ஒரு பையனுக்கு ஷூ லேஸ் கட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார், பத்து நிமிஷம், அவனே கட்டும்வரை. அவர் கட்டிவிடவில்லை. எனக்கு அது போதும். உனக்குப் போதாது என்று தெரியும்.

அதனால் உனக்குப் போதுமானதையும் சொல்கிறேன். மாநிலக் கல்வித்துறை வருஷாவருஷம் ஒவ்வொரு பள்ளிக்கும் போடுகிற அறிக்கையில் வகுப்புக்குச் சராசரி எத்தனை பிள்ளை, வாத்தியார்களுக்கு எத்தனை வருஷ அனுபவம் என்று இருக்கும், அதை எடுத்துப் பார். நான்காம் வகுப்பு வரை ஒரு வகுப்பில் 22 பேருக்கு மேல் கூடாது என்று டெக்சாஸில் சட்டம், ஆனால் விலக்கு வாங்கிக்கொள்ளலாம், அதனால் விலக்கு வாங்கியிருக்கிறார்களா என்று கேள். (இங்கே முப்பது பேருக்கு ஒரு வாத்தியார் என்று 2009-இல் சட்டம் வந்தபோது நாங்கள் சிரித்தோம்.) அப்புறம் பள்ளி அலுவலகத்தில் நேரம் கேட்டு நேரில் போ. மூன்றாம் வகுப்பைக் காட்டுவார்கள். நீ கிண்டர் வகுப்பைக் கேள்.

வீட்டு விஷயத்தில் ஒன்று. முகவரியில் பிளேனோ என்று இருந்தால் பிளேனோ ஐ.எஸ்.டி. என்று அர்த்தமில்லை, அந்த ஊரிலேயே சில பகுதி ஃபிரிஸ்கோ பள்ளி ஜில்லாவிலும் சில பகுதி லூயிஸ்வில், ஆலன் ஜில்லாக்களிலும் சேர்கிறது. ஏஜெண்ட் சொல்வதை நம்பாமல் ஜில்லாவின் வரைபடத்தில் கதவு எண்ணைப் போட்டுப் பார்க்கவேண்டும். எல்லையும் நிலையானது கிடையாது. பிள்ளைகள் எண்ணிக்கை சுமார் 55,000-இலிருந்து 48,000 அளவுக்கு இறங்கிவிட்டது என்று 2024 ஜூனில் ஜில்லா நிர்வாகக் குழுவினர் இரண்டு எலிமென்டரியையும் இரண்டு மிடில் ஸ்கூலையும் மூட வாக்களித்தார்கள். வீடு விலை ஏறி இளம் குடும்பங்கள் வரமுடியாமல் போனது அதற்கு ஒரு காரணம். எந்தப் பள்ளிக்காக ஒரு லட்சம் கூடக் கொடுக்கிறாயோ, அந்தப் பள்ளிக்கே உன் தெரு இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கமாட்டார்கள்.

கடைசியாக அந்தச் சிவப்புக் கட்டங்கள். பின்தெருப் பள்ளிக்கு நீ இரண்டு இடத்தில் சிவப்பு அடித்திருக்கிறாய். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் எத்தனை சதவீதம் என்பதில் ஒன்று. அதற்கு நான் என்ன சொல்ல, ஐந்தாம் வகுப்பு வரை தட்டோடு சத்துணவு வரிசையில் நின்றவள் நீ. இன்னொன்று, வீட்டில் வேறு மொழி பேசி வந்து இங்கிலீஷ் கற்றுக்கொள்கிற பிள்ளைகளின் சதவீதம். பாப்பா நேற்று வீடியோவில் என்னிடம், தாத்தா, மழை சோன்னு கொட்டுது என்றாள். அவளும் அந்தக் கட்டத்தில்தான் வருவாள், நீ படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினால்.

சேர்க்கும்போது வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு படிவம் கொடுப்பார்கள். உன் சிநேகிதிகள், இங்கிலீஷ் என்று எழுதிவிடு, இல்லாவிட்டால் பிள்ளைக்குத் தனியாக டெஸ்ட் வைப்பார்கள் என்று சொல்லியிருப்பார்கள். வைக்கட்டும். அவளுக்குத் தெரிந்தது தெரியும், தெரியாததைச் சொல்லிக்கொடுக்கத்தானே அவர்களுக்குச் சம்பளம். நீ தமிழ் என்று எழுது. போன வருஷம் செப்டம்பர் 1-க்குள் ஐந்து முடியவில்லை என்று சேர்க்க முடியாமல் போனது, இந்த வருஷமும் வீட்டுக்காக இழுத்தடிக்காதே. அபார்ட்மெண்ட் குத்தகையை இன்னும் ஒரு வருஷம் நீட்ட முடியுமா என்று மாப்பிள்ளையைக் கேட்கச் சொல்.

அப்பா