மகால் தூண்களும் ஒரு இலவச மென்பொருளும்

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாரா? சின்னவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆளில்லை, பழைய கேமராவைத் தூசு தட்டி எடுத்துவிட்டேன்.

‘செல்போனிலேயே பனோரமா (அகலப்படம்) வருகிறதே, அதற்கு எதற்குத் தனி சாப்ட்வேர்?’ என்று போன தடவை கேட்டாய். தூரத்து மலை, கடற்கரை என்றால் போனே போதும், நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் திருமலை நாயக்கர் மகாலில் ஒரு தூணை ஒட்டி நின்றுகொண்டு போனைச் சுழற்றிப் பார். பக்கத்துத் தூண் இடுப்பில் வெட்டுப்பட்டு நிற்கும், மேலே வளைவு ஒட்டாமல் விலகிக் கிடக்கும். ஏன் அப்படி ஆனது என்று போன் சொல்லாது, திருத்தவும் விடாது.

அதற்காகத்தான் பல படங்களை ஒட்டி ஒரே பனோரமாவாக்கும் ஹூகின் என்ற சாப்ட்வேரைப் பிடித்தேன். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், காசு கிடையாது. தனித்தனியாக எடுத்த படங்களைக் கொடுத்தால் அடுத்தடுத்த இரண்டு படங்களிலும் பொதுவாக இருக்கும் இடங்களைத் தேடி ‘கண்ட்ரோல் பாயிண்ட்’ போடும். அந்தப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி படங்களைச் சுழற்றிப் பொருத்தும். எந்தப் புள்ளி எத்தனை பிக்சல் விலகுகிறது என்று ஒரு பட்டியலே தருகிறது. அதிகம் விலகும் புள்ளியைத் தொட்டுப் பார்த்தால் பெரும்பாலும் பறந்துபோன புறாவாக இருக்கும். அதை நீக்கிவிட்டு, சுதை வேலைப்பாட்டில் அசையாத ஒரு மூலையை இரண்டு படத்திலும் நாமே குறித்துக்கொள்ளலாம். தூணின் விளிம்பை ‘இது நேர்குத்துக் கோடு’ என்று சொல்லிக்கொடுத்தால் சாய்ந்த கட்டடம் நிமிர்ந்துவிடுகிறது.

தூண் வெட்டுப்படும் விஷயத்துக்கு மட்டும் எந்த சாப்ட்வேரும் முழு மருந்து இல்லை. நாம் உடம்பைத் திருப்பும்போது கேமரா கையோடு சேர்ந்து வட்டமடிக்கிறது. முன்தூண் ஒரு படத்தில் பின்தூணை மறைக்கும், அடுத்த படத்தில் காட்டிவிடும். லென்ஸ் இருந்த இடத்திலேயே இருக்க, அதைச் சுற்றி நாம் நகரவேண்டும். ட்ரைபாட் தூக்கிக்கொண்டு அலைய மனமில்லை. லென்ஸ் வளையத்தில் நூல் கட்டி, கொத்தனாரின் சிறிய தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன். தரையில் ஒரு ரூபாய் நாணயம். குண்டு நாணயத்தை விட்டு விலகாமல் சுற்றிச் சுற்றி எடுத்தேன். காவலர் வந்து, ‘இடம் அளக்கிறீங்களா சார்?’ என்றார்.

படத்துக்குப் படம் வெளிச்சமும் நிறமும் மாறாதபடி எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் மேனுவலில் நிறுத்திவிட்டு, ஒரு படத்தின் கால்பங்குக்கு மேல் அடுத்ததிலும் விழும்படி எடுத்தால் ஹூகின் முக்கால்வாசி வேலையைத் தானே முடித்துவிடும். கடைசியில் தையல் தெரியாமல் சேர்ப்பது என்பிளெண்ட் என்ற துணை நிரல். வானம் மாதிரி மெதுவாக மாறும் நிறத்தை அகலமான பட்டையிலும், செதுக்கல் மாதிரி நுணுக்கங்களை மெல்லிய பட்டையிலும் கலக்கிறது. பர்ட், அடெல்சன் இருவரும் 1983-ல் எழுதிவைத்த முறை.

எனக்கு ரொம்பப் பிடித்தது, அகலக் காட்சியைத் தட்டைப் படமாக விரிக்கும் ‘பானினி’ என்ற புரொஜெக்‌ஷன். நம் இலக்கணக்காரர் இல்லை, ரோமாபுரி மண்டபங்களை வரைந்த 18-ஆம் நூற்றாண்டு ஓவியர் பெயர். அகலக் காட்சியைச் சாதாரண முறையில் விரித்தால் ஓரத்துத் தூண்கள் ஊதிப் பெருத்துவிடும். இதில் தூண்களும் நேராக நிற்கின்றன, நடுவிலிருந்து விலகி ஓடும் கோடுகளும் வளையவில்லை.

ஹூகினின் பூர்வகதை உனக்குப் பிடிக்கும். ஹெல்முட் டெர்ஷ் என்ற ஜெர்மன் பேராசிரியர் 1998-ல் பனோரமா டூல்ஸ் என்று படம் ஒட்டும் நிரல்களை எழுதி இலவசமாக வெளியிட்டார். காப்புரிமை வைத்திருந்த அமெரிக்க நிறுவனம் ஒன்று சட்ட மிரட்டல் விட, மனிதர் ஒதுங்கிவிட்டார். நிரல் பொதுவில் இருந்ததால் மற்றவர்கள் எடுத்து வளர்த்தார்கள். பாப்லோ டாஞ்செலோ தொடங்கிய ஹூகின் அதன்மேல் எழுந்ததுதான். புள்ளி தேடும் முறைக்கும் அமெரிக்காவில் காப்புரிமை இருந்தது, அதைத் தொடாமல் வேறொரு தேடுநிரலை எழுதிக்கொண்டார்கள். ஓசியில் கிடைப்பதைவிட, ஒருத்தர் போனாலும் நிற்காமல் ஓடியதுதான் எனக்குப் பெரிதாகப்படுகிறது.

குறை இல்லாமல் இல்லை. திரை முழுக்கப் பெட்டியும் எண்ணுமாக, முதல் பார்வைக்கு மிரட்டும். பெரிய படமென்றால் என் பழைய லேப்டாப் மூச்சு வாங்குகிறது, காபி குடித்துவிட்டு வந்தாலும் முடிந்திருக்காது. ‘எளிமை’ என்ற முகப்பை மட்டும் திறந்து தொடங்கு, ‘நிபுணர்’ பக்கம் பிறகு போகலாம்.

மகால் படத்தை மூத்தவள் கையில் பென்டிரைவில் கொடுத்தனுப்புகிறேன், தீபாவளிக்குக் கோவை வருகிறாள். அசல் படங்களும் அதிலேயே இருக்கின்றன. இடது ஓரத்தில் மூன்றாவது தூணை மட்டும் நீ ஒருமுறை சேர்த்துப் பார், எனக்கு இன்னும் திருப்தியில்லை.

அன்புடன்,
கணேசன்