‘ர்’ மட்டும் தனியாக

அன்பு நண்பனுக்கு,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகத் தங்கச்சி போனில் சொன்னாள். குனியாதே, வெயிலில் சுற்றாதே என்றால் நீ கேட்கவா போகிறாய்? இந்தக் கடிதத்தையாவது பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேள்.

இங்கே ஒரு கூத்து. மருமகன் எங்கள் ஊர் பஸ் நேரங்களை ஒரு வலைப்பக்கமாகப் போட்டுத் தரச் சொன்னார். ஊர், காலை, மதியம், மாலை, கடைசி வண்டி என ஐந்தே பத்திகள். பிரஸ்ஸில் எத்தனை அட்டவணை அடித்திருப்போம், இது என்ன பெரிய வேலை என்று உட்கார்ந்தேன்.

ஊர்ப் பத்திக்கு 120 பிக்சல் அகலம் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் அழகாக இருந்தது. 360 பிக்சல் அகலமுள்ள போனில் திறந்தால் கடைசி வண்டியைக் காணோம், திரைக்கு வெளியே போய்விட்டது! காரணம் ஸ்ரீவில்லிபுத்தூர். நாம் சொல்லும் அகலத்தை பிரவுசர் ஒரு யோசனையாகத்தான் எடுத்துக்கொள்கிறது. உடைக்க முடியாத மிக நீளமான சொல் எதுவோ, அதற்கு இடம் கொடுத்த பிறகுதான் நம் பேச்சைக் கேட்கும்.

பத்திகள் நாம் சொன்ன அகலத்திலேயே நிற்க ‘டேபிள்-லேஅவுட்: ஃபிக்ஸட்’ என்று ஒரு கட்டளை உண்டு. வலைப்பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழியான சிஎஸ்எஸ்ஸின் இரண்டாம் பதிப்பு 1998இல் வந்ததிலிருந்தே இருக்கிறது. போட்டேன், ஒன்றும் அசையவில்லை. அரை நாள் மண்டையை உடைத்த பிறகுதான் உறைத்தது: மொத்த அட்டவணைக்கும் அகலம் சொல்லாவிட்டால் அந்தக் கட்டளை செல்லாது. 100 சதவீதம் என்று சேர்த்ததும் பத்திகள் அடங்கி நின்றன. ஆனால் சொல் அடங்கவில்லை. ‘ர்’ பக்கத்துக் கட்டத்துக்குள் நுழைந்து காலை வண்டியின் மேல் உட்கார்ந்துகொண்டது.

சரி, நீளச் சொல்லை உடைத்துக்கொள் என்று ‘ஓவர்ஃப்ளோ-ராப்: பிரேக்-வேர்ட்’ கொடுத்தேன். உடைத்தது, எப்படித் தெரியுமா? மேலே ‘ஸ்ரீவில்லிபுத்தூ’, கீழே ‘ர்’ மட்டும் அநாதையாக. புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கினால் நம் ஃபோர்மேன் புரூஃபில் சிவப்பு மையால் சுழித்துத் தூக்கி எறிவாரே, அந்த முகம் ஒரு நிமிடம் கண்முன் வந்து போனது.

அப்புறம் நாம் கம்போஸிங்கில், அதாவது அச்செழுத்துக் கோக்கும்போது, செய்ததையே செய்தேன். ‘ஸ்ரீவில்லி’க்கும் ‘புத்தூர்’க்கும் நடுவில் ‘டபிள்யூபிஆர்’ என்ற சின்ன டேக், பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி. தேவைப்பட்டால் இங்கே உடை என்று பிரவுசருக்குக் காதோடு சொல்வது மாதிரி, இடைக்கோடுகூட விழாது. ஸ்ரீவில்லி மேலே, புத்தூர் கீழே, கச்சிதம். வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பிறகு ஃபிக்ஸடை எடுத்துவிட்டுப் பார்த்தேன். பிரவுசர் தானாகவே பத்தியை ஒழுங்காகச் சுருக்கிக்கொண்டது! அரை நாள் பத்தியோடு மல்லுக்கட்டியிருக்கிறேன், கோளாறு சொல்லில் இருந்திருக்கிறது.

இன்னும் நாற்பது ஊர்ப் பெயர்களை எங்கே உடைப்பது என்று உட்கார்ந்து குறிக்க வேண்டும். கண் சரியானதும் வா, சேர்ந்து செய்வோம். உன்னிடம் இருந்த அந்தப் பழைய கம்போஸிங் ஸ்டிக்கைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதே. வரும்போது எடுத்து வா.

உன் பழைய கூட்டாளி